ஷுஷுக் மீனா?

ஆவணி, வியாழன் இரவு.

என் மாணவி விசாலத்தின் அப்பா இன்று பள்ளிக்கு வந்தார். பாங்கு உத்தியோகஸ்தர். "பொண்ணுக்கு இவ்வளவு படிப்பு போதும். நாளையிலேர்ந்து அனுப்பலை" என்றார். எனக்கு மனம் சோர்ந்துபோயிற்று. பாடம் முடியும்வரை அவரை வகுப்பில் இருக்கச் சொன்னேன்.

பெண்கள் ஆளுக்கொரு பிராணியைத் தாங்களே கவனித்து, அது எந்த இனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விசாலம் எடுத்துக்கொண்டது கங்கையில் துள்ளும் ஓங்கிலை, அதாவது டால்பினை. இங்கே அதை ஷுஷுக் என்கிறார்கள்.

"ஷுஷுக் மீன் இல்லை, பாலூட்டி" என்றாள்.

"தண்ணியிலே இருக்கறது மீன் இல்லாம வேற என்னடி?" என்று அவர் குரலை உயர்த்தினார்.

அவள் தலை குனிந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. "அம்மா கங்கா ஸ்நானம் பண்றச்சே தினமும் பார்த்தேன்ப்பா. மூச்சு விட மேலே வந்துண்டே இருக்கு. மீன் அப்படி வராது. குட்டி கூடவே ஒட்டிண்டு வரது."

"குட்டியா?"

"ஆமாம்ப்பா."

அவர் குரல் தணிந்து, "எந்தப் படித்துறை? ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிண்டு போ" என்றார்.

கிளம்பும்போது என்னைக் கும்பிட்டார். படிப்பை நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.