நீலக் கட்டச் சட்டையின் பதினெட்டுத் துண்டுகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். நீயும் சுகம் என்று ஞாயிறுதோறும் போனில் சொல்கிறாய், நம்புகிறேன், ஆனாலும் நேரில் பார்த்து நம்புவது வேறு. போன் இருக்கும்போது எதற்கப்பா கடிதம் என்று நீ சிரிப்பாய். போன் மணி அடித்ததும் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், நான் எழுதப்போவதோ அவளைப் பற்றி. மாடி வீட்டு நர்ஸம்மாவோடு கண் டாக்டரிடம் போயிருக்கிறாள், கண்ணாடியை மாற்ற வேண்டுமாம். திரும்பி வர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் அவசரம் என்று நினைத்துக்கொள், வயசு என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துவிட்டேன் என்று சொன்னாய் அல்லவா, அம்மாவும் நல்லதும்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்றாளே, அன்றிலிருந்து அவள் பழைய ஆளாக இல்லை. அழவில்லை, கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்காகக் காத்திருப்பதை அவள் நிறுத்திவிட்டாளோ என்று சந்தேகப்பட்டேன், இப்போது சந்தேகம் இல்லை. எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் அதற்கு முன்னால் வீட்டுச் சமாசாரங்களையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அப்பா கடிதம் போட்டும் ஒன்றும் எழுதவில்லை என்பாய்.

வெயில் காலம் முழுக்கக் காகித மணியிலேயே போயிற்று. துணியைத் தொட்டால் வியர்வைக் கையில் ஒட்டிக்கொள்கிறது என்று வழக்கம்போல் அம்மா ஊசியை மூட்டை கட்டி வைத்துவிட்டாள், நான் பழைய காலண்டர் தாள்களை நீள முக்கோணமாக வெட்டிக் கொடுத்தேன், அவள் குச்சியில் சுருட்டிப் பசை தடவி மணியாக்கினாள். மூவாயிரத்துச் சொச்சம் மணிகள். கோத்து, சமையலறை வாசலில் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறோம். உன் அண்ணன் வந்தவன் அதில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றான், அண்ணிதான் விடுவித்தாள். அவர்கள் சௌக்கியம். அண்ணனுக்குத் தொந்தி போட்டிருக்கிறது, நீ போனில் கேட்டால் இல்லை என்பான். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. என் கடைவாய்ப் பல் இரண்டும் போய்விட்டன. மகள் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் லேபில் உட்கார்ந்து பல் செட் செய்கிறாள், அப்பன் ஒரு பக்கமாக மெல்கிறான் என்று நர்ஸம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். வேறு யாரிடமும் கட்டிக்கொள்ளும் உத்தேசம் இல்லை, நீ வந்து அளவெடுத்துச் செய்து கொடு.

மழை பிடித்துக்கொண்டதும் போர்வை வேலையை ஆரம்பித்தோம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா, வருஷத்துக்கு ஓர் ஒட்டுப் போர்வை, அந்த வருஷம் உடுத்திப் பழசானதில் ஆளுக்கு ஓர் உடுப்பு. தையலைப் பிரிப்பது அம்மா. கழுத்துப்பட்டி, கை, பட்டன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, துணியைத் தட்டையாகத் தேய்த்து மேஜையின் இடது பக்கம் அடுக்கி வைப்பாள். ஐந்தரை அங்குலச் சதுரமாக வெட்டுவது நான். மழை நிற்பதற்குள் வெட்டி முடித்து, குளிர் காலத்தில் வரிசை வரிசையாக இணைப்போம், ஒரு வரிசைக்குப் பதினெட்டுத் துண்டு. தைக்கத் தைக்கப் போர்வை நீண்டு மடியில் விழும், இரண்டு பேரும் அதன் கீழே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், நான் ஊசிகளில் நூல் கோத்துக் கோத்து நீட்டுவேன். நீ போன பிறகு மூன்று போர்வை முடித்துவிட்டோம். மூன்றிலும் உன் வரிசையில் பழைய ஜன்னல் திரைதான். வந்து அவள் துணியைக் கொடுப்பாள், அப்போது இதைப் பிரித்துவிட்டு அதை வைப்பேன் என்று ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்வாள்.

இப்போது சட்டைக்கு வருகிறேன். நீ கிளம்பிய காலையில் உன் நீலக் கட்டச் சட்டையின் இரண்டாவது பட்டன் தெறித்துப்போனது ஞாபகம் இருக்கிறதா. வண்டி வந்து நின்றுவிட்டது, வேறு சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாய், அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அம்மா அதைத் தொடாதே, நான் வந்து தைத்துக்கொள்கிறேன் என்றாய். நீ ஏதோ போகிற போக்கில் சொன்னது. அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சட்டையில் நூல் தொங்கினாலே கை துறுதுறுக்கிறவள், அந்தப் பட்டனை மட்டும் மூன்று வருஷம் தைக்காமல் வைத்திருந்தாள். அலமாரியில் தனி ஹேங்கரில், பட்டனை ஒரு சின்னத் தாளில் மடித்துப் பாக்கெட்டுக்குள் போட்டு. அண்ணி ஒரு தடவை உதவியாக இருக்கட்டும் என்று ஊசியை எடுத்தபோது, வேண்டாம்மா, அது அவ வேலை என்று வாங்கி வைத்துவிட்டாள்.

அதை நான் வெட்டிவிட்டேன். அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் காகிதம் வெட்டியவன் நான், அந்தத் தொழிலில் தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்க்கவே கூடாது. கல்யாணப் பத்திரிகையோ கணக்குப் புத்தகமோ, கண் விளிம்பிலும் குறியிலும்தான் இருக்க வேண்டும், படிக்க ஆரம்பித்தால் விரல் போய்விடும். அந்தப் பழக்கம் துணியிலும் வந்துவிட்டது. நான்கு நான்காக அடுக்கி, இரும்பு ஸ்கேலை வைத்து, கத்தியை ஒரே இழுப்பு. மறுநாள் காலையில் துண்டுகளைத் தரையில் பரப்பி வரிசை பார்க்கும்போதுதான் நீலக் கட்டம் கண்ணில் பட்டது, ஒரு துண்டில் பட்டன் இருந்த இடத்தில் இரண்டு இழை நூல் நீட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் திடீரென்று தூறல் போட, வராந்தாவில் காற்றாட விட்டிருந்ததையெல்லாம் ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு வந்து மேஜையில் போட்டவன் நான்தான், அதோடு இதுவும் சேர்ந்து வந்துவிட்டது என்று நினைத்தேன். பதினெட்டுத் துண்டையும் பொறுக்கி, செய்தித்தாளில் சுற்றி, என் பழைய பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும். அம்மா அலமாரிப் பக்கம் போனால் எனக்கு இருமல் வந்துவிடும். மூன்று ஜவுளிக் கடை ஏறி இறங்கி அதே கட்டத்தில் துணி கேட்டேன், ஒருவர் கூட வைத்திருக்கவில்லை, கொஞ்சம் பெரிய கட்டமாக ஒன்று கிடைத்தது. அதே மாதிரி ஒரு சட்டை தைத்து மாட்டிவிடலாம், கண்ணாடி மாற்றுவதற்குள் மாட்டிவிட்டால் தெரியாது என்று ஒரு கிறுக்குத்தனம். தையல்காரர் அளவு கேட்டார். என் தோளுக்கு இவ்வளவு வருவாள் என்று கையைக் காட்டினேன். இடுப்பு, தோள், கை நீளம் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் அளவு எனக்குத் தெரியவில்லை அம்மாடி. மூன்று வருஷத்தில் நீ இளைத்தாயா, பூசினாற்போல் ஆனாயா, போனில் கழுத்துக்கு மேலேதானே தெரிகிறது. துணியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வழியில் பார்க்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள், போய் எதிரில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன், என்னைத் திட்டு, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணலை. நான்தான் பிரிச்சு அடுக்கி வெச்சேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முழுச் சட்டையாக இருந்திருந்தால் நான்கு அடுக்கில் எப்படி வரும், கழுத்துப்பட்டி எங்கே போயிற்று, கை எங்கே போயிற்று. பிரித்துத் தேய்த்த துணியைத்தானே நான் வெட்டினேன். அவளைத் தவிர இந்த வீட்டில் தையல் பிரிக்கிறவர் யார். ஏன் என்று கேட்டேன். நீ இரண்டு வருஷம் என்று சொன்ன மறுநாளே பிரித்துவிட்டாளாம். முதலில் ஒரு வருஷம் என்றாய், அப்புறம் அடுத்த வருஷம் என்றாய், இப்போது இரண்டு. பிள்ளையைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு அங்கே ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது, நல்லபடியாக இருக்கட்டும் என்றாள். பிறகு, "ஒரு பட்டனைத் தைக்கவா அவ்வளவு தூரத்திலேர்ந்து வரப்போறா? அலமாரியைத் திறக்கிறப்பெல்லாம் அதைப் பாக்க என்னால முடியலைங்க," என்றாள். திரும்பவும் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். என்னை ஏன் பதினோரு நாள் திண்டாட விட்டாய் என்று கேட்டேன். நீங்கள் எதையோ ஒளித்துக்கொண்டு திரிகிறீர்கள் என்று தெரிந்தது, இதுவாக இருக்கும் என்று நினைக்கவில்லை, துண்டுகளைக் காணாமல் நானும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

மகளே, நான் உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நீ அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரியும், அந்த மெழுகையும் அச்சையும் பிடித்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறாய் என்று தெரியும். ஆனால் உனக்கு ஒன்று தெரியாமல் இருக்கக் கூடாது. இத்தனை நாள் உன் அம்மா ஏங்கினாள், அந்த ஏக்கத்தோடு நான் குடித்தனம் நடத்திவிட்டேன், தெருவில் டாக்ஸி நின்றால் எட்டிப் பார்ப்பாள், உன் தலையணை உறையை மாதம் தவறாமல் மாற்றுவாள், எனக்கு அது பழகிவிட்டது. இப்போது அவள் எட்டிப் பார்ப்பதில்லை. போன வாரம் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது, நான்தான் ஓடினேன், எதிர் வீட்டு விருந்தாளி.

இன்னும் ஒன்று பாக்கி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கையை நீட்டினாள். துண்டுகளைக் கொடுங்கள், இந்த வருஷத்துப் போர்வையில் திரைத்துணிக்குப் பதில் இதையே அவள் வரிசையாகத் தைத்துவிடுகிறேன் என்றாள். நான் பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன். அந்த வரிசை தைத்தாகிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று மனசில் ஒரு பயம் வந்தது, என்ன பேசுகிறேன் என்று தெரியாமலே வாயில் வந்துவிட்டது. இதையெல்லாம் தப்பாக வெட்டிவிட்டேன், கால் அங்குலம் குறைகிறது, சேர்த்துத் தைத்தால் இழுத்துக்கொள்ளும், உதவாது என்றேன். என் வெட்டு ஒரு மயிரிழை பிசகியதில்லை என்று கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் பீற்றிக்கொண்டவன் நான். அந்தப் பதினெட்டும் அச்சில் வார்த்த மாதிரி சரியான அளவு. அவளா நம்புகிறவள், அண்ணன் வாங்கி வந்த ரிப்பனையே இரண்டு தடவை அளந்து பார்க்கிறவள். ஸ்கேல் மேஜையில்தான் இருந்தது, அவள் கைக்கு எட்டும் தூரத்தில். ஒரு துண்டை எடுத்து விரித்து, விளிம்பைத் தடவிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். ஸ்கேலை எடுக்கவில்லை.

அப்படியானால் அந்த வரிசை கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, துண்டுகளை என் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு, விளக்கைப் போடப் போய்விட்டாள்.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்கிறது, அவர்களாகத்தான் இருக்கும். நன்றாக இரு அம்மாடி. குளிரில் வெறுங்காலோடு நிற்காதே, வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நானும் அம்மாவும் கொடுக்கக்கூடிய ஆசி எல்லாம் உனக்கும் உன் அண்ணனுக்கும்தான், வேறு யாருக்கு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது கடிதம் வந்தது என்று உளறிவிடாதே. சீக்கிரம் வருகிறேன் என்றும் சொல்லாதே, அந்த வார்த்தையை அவள் நிறையக் கேட்டுவிட்டாள். ஒரு தேதியைச் சொல். இரண்டு வருஷம் கழித்துத்தான் என்றாலும் சரி, தேதியாகச் சொல், நான் காலண்டரில் குறித்து அவள் கண்ணில் படும்படி மாட்டிவிடுகிறேன். அந்தக் காலண்டரை மணியாக்க வெட்டித்தர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்
அப்பா