பூஜைப் பலகையிலிருந்து எடுத்த புத்தகம்

விஜயதசமி, இரவு.

தூக்கம் வரவில்லை. நேற்று சரஸ்வதி பூஜைக்குப் பேத்தி காஞ்சனா ஆபீஸ் லேப்டாப்போடு ஒரு புத்தகத்தையும் பலகையில் வைத்தாள். மனசுக்குப் பிடித்ததைத் தினமும் கொஞ்சம் செய், கோணலாக வந்தாலும் விடாதே என்று வேடிக்கையாகச் சொல்லும் புத்தகம். அவள் படித்துக் காட்ட, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அந்தத் தைரியத்தில்தான் வேலையை விட்டுவிட்டுப் பொம்மைப் படம் வரையப் போவதாக வீட்டில் சொன்னாள்.

மண்ணூர்பேட்டைக் கம்பெனியில் பூஜை முடித்துப் பொரியோடு வந்த என் மகன் ஏழுமலை, சந்தனம் வைக்கும்போது அந்தப் புத்தகத்தை மட்டும் உருவிக் கீழே போட்டான்.

"சோறு போடறது லேப்டாப்பு. அத்த கும்புடு."

"அந்தப் புக்கு இன்னாடா பாவம் பண்ணிச்சு?" என்றேன்.

"நீ சும்மா கீறியா? நீ குடுக்கிற எடத்துலதான் இவ ஆடறா."

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுத்துப் படிக்க வேண்டும். இன்று காலை காஞ்சனா லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் மெயிலைப் படித்தாள். கீழே கிடந்த புத்தகத்தைப் பழைய பேப்பர் கட்டில் சொருகினாள்.

"இன்னாடி இது?"

"வுடு ஆயா. நைனா சொல்றதும் கரெக்ட்டுதான்." சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் கத்தியிருந்தால் நான் நிம்மதியாகப் படுத்திருப்பேன். கல்யாணமான புதிதில், வீட்டில் பாடக்கூடாது என்று ஏழுமலையின் அப்பா சொன்னபோது நானும் இப்படித்தான் சிரித்தேன். அந்த ஆள் செத்தும் நான் மன்னிக்கவில்லை. இவன் நான் பெற்ற பிள்ளை; இவனையும் அவள் மன்னிக்காமலே இருந்துவிடுவாளோ?