தண்டல் அண்ணாச்சி சொன்ன முடிவு

பார்க்கில் ரேடியோக் குழாய் கட்டியிருக்கும் கம்பத்துக்குப் பக்கத்தில் நேற்றுச் சாயங்காலம் நிற்க இடமில்லை. அந்தப் பழைய நாடகத்தைத்தான் மறுபடியும் போட்டார்கள். ஜனங்கள் விடாமல் எழுதிக் கேட்டதால் முதலிலிருந்து வாராவாரம் நடத்தினார்களாம். நேற்றோடு முடிந்தது. நாடகம் தொடங்குமுன் ஒரு பிடில் வருமே, அது காதில் விழுந்ததும் என் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது. நீங்கள் கரைக்கு வந்திருப்பீர்கள், போய்ச் சொல்ல வேண்டும் என்று. அப்புறம்தான் புத்தி வந்தது.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். இதைச் சொல்ல உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

கதை என்னவோ சின்னக் கதைதான். ரங்கூனுக்குப் போன புருஷனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. செத்துப்போனான், தாலியைக் கழற்று என்கிறார்கள் மாமியாரும் ஓரகத்தியும். மருமகள் மாட்டேன் என்கிறாள். அதைக் கேட்க ஊரே பார்க்கில் திரண்டு நின்றது. அப்போது சண்டைக் காலம். பார்க்கில் நின்ற பெண்களில் பாதிப் பேருக்குக் கடலிலோ கொழும்பிலோ பட்டாளத்திலோ ஒருவர் இருந்தார். நம் வீட்டுக் கவலைக்கு அழுதால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அந்த மருமகளுக்காக அழுதால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

உங்கள் தோணி கொழும்புக்குப் போய்த் திரும்ப எத்தனை நாளாகும் என்று காற்றுக்குத்தான் தெரியும். நீங்கள் இல்லாத வாரங்களை நான் சேர்த்து வைத்திருப்பேன். வந்ததும் வாசலில் நின்றபடியே கேட்பீர்கள்.

“ஏளா, அவன் வந்துட்டானா?”

“சோத்தத் தின்னுட்டுக் கேளுங்க.”

“சோறு எங்கயும் ஓடிராது. வந்தானா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

“வரல. ஓரகத்தி அவ பெட்டியத் தூக்கி முத்தத்துல வச்சிட்டா.”

அந்த ஓரகத்தியை நீங்கள் திட்டிய திட்டைக் காகிதத்தில் எழுத முடியாது. நான் சொன்னதை நீங்கள் தோணியில் சொல்வீர்கள். தோணியை நடத்தும் தண்டல் அண்ணாச்சி சுக்கானைப் பிடித்தபடி கேட்பாராம், தோணியில் சோறு பொங்கும் மிக்கேல் அடுப்பை மறந்துவிடுவாராம். ஒருமுறை அந்த மருமகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். மறுநாள் மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து நின்றீர்கள்.

“நாடகத்துப் பொம்பளைக்கா மெழுகுதிரி?” என்று நான் சிரித்தேன்.

“ஆருக்கா இருந்தா என்ன? சீக்கு சீக்குத்தான.”

அவன் வரமாட்டான் என்பேன் நான். உங்களுக்குக் கோபம் வரும். “கட்டுனவள விட்டுட்டு அங்கனயே கிடப்பானா? வருவான் பாரு.”

நீங்கள் கடைசியாகப் போன தோணி திரும்பி வந்தபோது, சேர்த்து வைத்த கதையோடு வாசலில் நின்றேன். தண்டல் அண்ணாச்சி தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் மிக்கேல் உங்கள் பெட்டியைச் சுமந்து வந்தார். கொழும்பில் விஷக் காய்ச்சல். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. உங்களுக்கென்று வைத்திருந்த வார்த்தைகள் அப்படியே நெஞ்சில் நின்றுவிட்டன.

முப்பதாம் நாள் பூசைகூட முடியவில்லை, நாடகம் அந்த வாரம் முடியப்போகிறது என்று பேச்சு வந்தது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, உங்கள் அக்கா பிடித்துக்கொண்டார்கள். “ஏளா, புருசனப் பறிகொடுத்தவளுக்குப் பார்க்குல என்னளா சோலி?”

பெட்டிச் சாவியைக் கொடுக்க வந்திருந்த தண்டல் அண்ணாச்சி அதைக் கேட்டார். “நீ எங்கயும் போவண்டாம் தங்கச்சி. நாங்க கேட்டுட்டு வந்து சொல்லுதோம்” என்றார்.

சொன்னபடி வந்தார்கள். இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

“வந்தானா அண்ணாச்சி?”

தண்டல் மிக்கேலைப் பார்த்தார். மிக்கேல் தன் கால் விரலைப் பார்த்தார்.

“வரல தங்கச்சி. கப்பல் வந்துச்சு, எல்லாரும் எறங்குனாவ. அவன் வரல.”

“அவ?”

“அவளா... அவ இருக்கா.”

“தைரியமா இருக்கா” என்றார் மிக்கேல். “தையல் மிசினு ஒண்ணு வாங்கிட்டா.”

“அது எப்பம்ல வாங்குனா?”

“நீரு பீடி பத்த வைக்கப் போனீருல்லா, அப்பம்.”

அன்று ராத்திரி உங்களுக்காக அழுதேனா, அவளுக்காக அழுதேனா, தெரியாது. ஆனால் அவள் செய்தாளே என்றுதான், தெற்குத் தெரு தையல்கடையில் காஜா எடுக்கப் போனேன். பிறகு மிசினும் பழகிக்கொண்டேன். இன்று என் சோறு அதில்தான். ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம், எங்கோ அவளும் கோத்துக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். அவள் புருஷனும் வரவில்லை, நீங்களும் வரவில்லை. நாடகத்துப் பெண்தான். இருந்தாலும் வீட்டில் இன்னொரு ஆள் இருந்த மாதிரி இருந்தது. என் முன்னால் யாரும் அந்த நாடகப் பேச்சை எடுக்கவில்லை. இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றும் முடிவு தெரியும் என்ற நினைப்பில்தான் நின்றேன். கப்பல் சங்கு கேட்டது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ரோசம்மாள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். “வந்துட்டான் பாத்தியாளா! அன்னைக்கும் இந்த எடத்துலதான் அழுதேன், இன்னைக்கும் அழுதுட்டேன்.”

“தையல் மிசினு?” என்றேன்.

“என்ன மிசினு? நாடகத்துல ஏதுளா மிசினு?” என்றவள், என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாரும் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். நான் தனியாக வந்தேன். நீங்கள் சொன்னதுதான் நடந்தது, அவன் வந்துவிட்டான். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக் கதவைத் திறந்தபோது, இத்தனை நாள் கூட இருந்தவளும் தன் புருஷனோடு போய்விட்டாள் என்றுதான் இருந்தது. விளக்கு ஏற்றவும் தோன்றவில்லை.

தண்டல் அண்ணாச்சி மேலும் மிக்கேல் மேலும் எனக்குக் கோபம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேர், பார்க்கிலிருந்து நம் வீடு வரும் வழியில், எனக்காக ஒரு முடிவைக் கட்டியிருக்கிறார்கள். நான் பிழைத்துக் கிடப்பது அதை வைத்துத்தான். ரேடியோ சொன்னது ஊருக்கு இருக்கட்டும்.

தோணி அடுத்த வாரம் வரும் என்கிறார்கள். இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுப்பேன். அந்தக் கடைசி நாள் கதையை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்பேன்.