கூண்டுக்குள் கூவிய ஏழு

இன்று காலை தின்கன்ஜூன் சந்தை முனையில், துணி போர்த்திய ஒரு கூண்டுக்குள்ளிருந்து கௌதாரி கூவியது. மீன் வாங்க நீட்டிய கை தானாகப் பைக்குள் போய்ப் பென்சிலைத் தேடியது. நீ இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய்.

அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரிகள் நாம். கோடை வந்தால் மாதா கோயில் பூசையைச் சனி மாலையிலேயே முடித்துக்கொண்டு, ஞாயிறு விடிகாலை முதல் பஸ்ஸில் பெகு பாதையிலிருந்த புல்வெளிக்குப் போவோம். கௌதாரி கண்ணில் படுவது அபூர்வம், புல்லுக்குள் பதுங்கிவிடும். அதனால் வரப்பில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஆண் பறவையின் கூவலுக்கும் உன் நோட்டில் ஒரு கோடு போடுவோம். வருஷத்துக்கு வருஷம் கோடுகள் குறைந்துகொண்டே வந்தன.

நாம் சேர்ந்து போன கடைசிக் கோடையில் பதினொன்று கேட்டது. முந்தின வருஷம் ஐந்துதான். நான் குதிக்காத குறை. அந்த நிலத்தில் மனை போடப் பேச்சு நடந்தது. பறவை ஆர்வலர் குழு நம் கணக்கை வைத்துத்தான் அதைத் தடுக்க மனு எழுத இருந்தது.

புதருக்குப் பின்னால் ஒதுங்கப் போன நீ முகம் வெளுத்துத் திரும்பினாய். அங்கே கிளையில் ஒரு கூண்டு, அடியில் கண்ணி. தேடத் தேட ஏழு கூண்டுகள். காட்டுப் பறவையைச் சண்டைக்கு இழுத்துப் பிடிக்க, பழக்கிய கௌதாரிகளைக் கூவ வைத்திருந்தார்கள்.

"இருக்கட்டும்டீ, பதினொண்ணுன்னே குடுத்திடுவோம். நெலமாச்சும் தப்பும்," என்றேன்.

"கூண்டுக்குக் காவல் கேட்டாடீ மனு குடுக்குறோம்?"

ஏழு கோடுகளையும் அடித்துவிட்டு, கண்ணிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய்.

பாதி நிலம் மனையாகிப் போயிற்று. உன் பிடிவாதத்தால்தான் போயிற்று என்று மழைக்காலம் முழுக்க நான் உன்னோடு பேசவில்லை. தடின்ஜூட் விளக்கேற்றும் நாளில் நீயே தூக்குச்சட்டியில் மொஹிங்கா மீன்குழம்புச் சேமியாவோடு வந்து, "கோவம் தீந்துச்சா, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கா?" என்றாய். கிறிஸ்துமஸுக்கு நீ உயிரோடு இல்லை. பேசாமல் கழித்த அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மீதிப் பாதியில் இப்போது ஊர்க்காரர்களே கண்ணி வைக்க விடுவதில்லை. நீ எழுதிய பக்கத்தைப் பர்மிய மொழியில் எழுதி அங்கே ஒட்டியிருக்கிறார்கள்.

போன ஞாயிறு தனியாகப் போனேன். வெகுநேரம் கழித்து ஒன்று கூவியது. கோடு போடாமல் எழுந்து, முழங்கால் வலியோடு புல்லுக்குள் நடந்தேன். கூண்டு இல்லை. காலடியிலிருந்து படபடவென்று எழுந்து பறந்தது. அப்புறம்தான் இப்போது என்னிடம் இருக்கும் உன் நோட்டைத் திறந்து, நீ அடித்த ஏழுக்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.