தாண்டிப் போனவர்கள்

மார்ச் 11, திங்கள்

பனி உருகி வாசல் முழுக்கச் சேறு. தபால் பெட்டி வரை போய் வருவதற்குள் ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது. ஒற்றைக் காலில் நின்று அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் டெஸ்ஸா வந்தாள். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிற பெண். டன்ஸ்பரிக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஜூலை நான்கு சுதந்திர தின ஓட்டக் கமிட்டிக்குத் தலைவியாக்கிவிட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அலுத்துவிட்டது, அவளுக்கு இன்னும் அலுக்கவில்லை. அவ்வளவுதான் தகுதி.

"இது ஐம்பதாவது ஓட்டம், மிஸஸ் ட்ராஸ்க். ஒரு சின்னப் புத்தகம் போடலாம்னு இருக்கோம். எப்படி ஆரம்பிச்சுது, யாரு யாரு ஓடினாங்க, எல்லாம். வாரப் பத்திரிகையில அத்தனை வருஷம் எழுதினது நீங்கதானாமே. உங்களை விட்டா யாரு இருக்கா?"

அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது. ஏன்?

மார்ச் 12

ஏன் என்று தெரியும். அவர்கள் எல்லோரும் என் புருஷன் எர்வினைத் தாண்டிப் போனார்கள் என்று நான் எழுத வேண்டும். அச்சில். அவர்கள் காசிலேயே.

மார்ச் 24, ஞாயிறு

பெர்லியிடமிருந்து ஆரம்பித்தேன். தீயணைப்புப் படைக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர், முதல் ஓட்டத்தில் ஓடியவர்களில் இன்னும் நடமாடுகிற ஒருவர். சர்ச் முடிந்து காபியும் டோநட்டுமாக உட்கார்ந்திருந்தவரைப் பிடித்தேன்.

"ஓட்டமாவது ஒண்ணாவது! அது சண்டை, வில்மா. அணிவகுப்பு முடிஞ்சு பீர் குடிச்சுக்கிட்டிருந்தோம். காகித ஆலைக்காரனுங்க கிண்டல் பண்ணினானுங்க, தீயணைப்புக்காரனுங்க வண்டி இல்லாம ஒரு தெருகூடத் தாண்ட மாட்டானுங்கன்னு. விடுவோமா? ரப்பர் பூட்ஸோட கிளம்பிட்டோம், ஏரி வரைக்கும்."

"யாரு ஜெயிச்சாங்க?"

"எவனும் இல்ல. பாதிப் பேரு வழியிலேயே வாந்தி. ஜெயிக்கிறவனுக்குன்னு என் பெண்டாட்டி கரையில வச்சிருந்த கேக்கை நாய் தின்னுடுச்சு. அப்படிப் பார்த்தா நாய்தான் ஜெயிச்சுது."

அடுத்த வருஷம் அந்த நாயைத் தோற்கடிக்க என்று மறுபடி ஓடினார்கள். அதற்கடுத்த வருஷம் வழக்கமாகிவிட்டது. ஊருக்குப் பால் போட்டுக்கொண்டிருந்த ஹாலிஸ் தன் பால் வண்டியின் மீட்டரை வைத்து ஐந்து மைல் என்று அளந்தான். பின்னாளில் வெளியிலிருந்து முறையாக அளக்க வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, குறையுங்கள் என்றார்கள். ஊர்க் கூட்டம் போட்டுக் கையைத் தூக்கிக் குறைக்க முடியாது என்று தீர்மானித்தார்கள். "மைல்தான் சின்னதாயிடுச்சு, நம்ம ரோடு அப்படியேதான் இருக்கு" என்று எவரோ கத்தினார்கள். அந்தச் செய்தியை நான்தான் எழுதினேன். பின்வரிசையில் எர்வின் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

கிளம்பும்போது பெர்லி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ஒரு வருஷத்தை விட்டுடேன். கொண்டாட்டப் புத்தகத்துல எதுக்கு? உனக்குத்தான் கஷ்டம்."

"எனக்கா கஷ்டம், உங்களுக்கா?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 9

எனக்காகவாவது ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன்.

1991. காலையிலேயே தார் இளகிக் காலில் ஒட்டியது. ஆரஞ்சு நறுக்கி வாளியில் வைத்துக்கொண்டு நான் ஏரிக்கரையில், முடிவுக் கோட்டில் நின்றேன். எர்வின்தான் முதலில் வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தது ஹாலிஸ். வளைவில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டார்கள். நன்றி வில்மா என்றார்கள். ஒருத்தரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. எர்வின் எங்கே என்று கேட்டேன். வந்துகொண்டிருப்பான் என்றார்கள்.

வழியில் இருக்கிற கல்லறை மேட்டில், கற்சுவர் மேல் உட்கார்ந்திருந்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வெயில், இதயம் என்றார்கள்.

எனக்குப் புரியாதது அது இல்லை. அத்தனை பேரும் அவனைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் ஆரஞ்சு வாங்கினார்கள். எப்படிடா முடிஞ்சுது உங்களுக்கு? எப்படி?

அடுத்த வருஷமும் ஓட்டம் நடந்தது. நான் அன்றைக்கு என் தங்கை நடீன் வீட்டுக்குப் போய்விட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு ஜூலை நான்கும் அங்கேதான்.

ஏப்ரல் 21

டெஸ்ஸாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்று அழுதாள். "நான் முட்டாள் மாதிரி உங்ககிட்ட வந்து... விட்டுடுங்க மிஸஸ் ட்ராஸ்க், வேற யாராவது எழுதட்டும்."

"வேற யாராவது எழுதினா ஒழுங்கா எழுத மாட்டாங்க" என்றேன். உள்ளே கூப்பிட்டுச் சூப் கொடுத்தேன். நல்ல பசி அந்தப் பெண்ணுக்கு.

மே 5, ஞாயிறு

ஹாலிஸ்.

பக்கத்து வீடு. குளிர்காலம் முழுக்க என் வாசல் பனியைத் தள்ளுகிறவன், கோடையில் கேட்காமலே புல் வெட்டுகிறவன். அந்த வருஷத்தைப் பற்றி அவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்று கேட்டேன். அடுக்கிக்கொண்டிருந்த விறகைக் கீழே வைத்தான்.

"பார்த்தேன். சுவர் மேல உட்கார்ந்திருந்தான். போ போன்னு கையைக் காட்டினான். நான் போனேன்."

"அவ்வளவுதானா?"

"அவன் நடிக்கிறான்னு நினைச்சேன், வில்மா. பயிற்சியில ரெண்டு தடவை அப்படிப் பண்ணியிருக்கான். களைச்ச மாதிரி உட்கார்ந்துக்குவான், நான் தாண்டினதும் எழுந்து துரத்தி வருவான். ஏரி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓடினேன், எங்கேருந்து வர்றானோன்னு."

கோபம் வந்தது எனக்கு. "இதைச் சொல்லாமலா இத்தனை வருஷம் என் வாசல்ல பனி தள்ளினே?"

"சொல்லியிருந்தா தள்ள விட்டிருப்பியா?"

திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு ஏரிக்கரையில் அந்தச் சிரிப்பு. பெருமையில் சிரிக்கிறான் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மே 19

ஹாலிஸ் புல் வெட்ட வந்தான். திரையை இழுத்துவிட்டேன். வெட்டிவிட்டுப் போனான்.

மே 20

எர்வின் அப்படி நடிக்கக்கூடியவன்தான். எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்றே சர்ச் படியில் மயங்கி விழுந்ததுபோல் நடித்து என் அம்மாவை அலற வைத்தவன். தெரிந்தும் ஹாலிஸை மன்னிக்க முடியவில்லை. தெரிவது ஒன்று, முடிவது வேறு.

ஜூன் 2, ஞாயிறு

கருப்பு ஈக்கள் காதுக்குள் புகுந்து தொல்லை. ஜெரால்டின் வீட்டுக்குப் போனேன், ஏரிக்கு அந்தப் பக்கம். பெண்களின் கதையை அவளில்லாமல் எழுத முடியாது. தொடக்கத்தில் பெண்கள் ஓடினால் வேடிக்கை பார்ப்பார்கள், பெயர் எழுத மாட்டார்கள். அவள் ஓடி, ஆண்களில் பாதிப் பேரைப் பின்னால் விட்ட வருஷம் கமிட்டி கூடி யோசித்து ஒரு பரிசு கொடுத்தது. சமையல் ஏப்ரன்.

"பூப்போட்டது! ஏரியில எறிஞ்சேன். பெர்லி மூஞ்சியைப் பார்க்கணுமே நீ. அடுத்த வருஷத்துலேருந்து பெண்களுக்கும் கேக்."

சிரித்து முடித்தாள். பிறகு அவளே தொடங்கினாள். அவள் அப்போது பள்ளி நர்ஸ்.

"நான் நின்னேன், வில்மா. அவன் பக்கத்துல உட்கார்ந்தேன். தோல் நெருப்பா இருந்துச்சு, வியர்வையே இல்ல. எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஒருத்தனைப் பக்கத்துப் பண்ணைக்குப் போன் பண்ண அனுப்பினேன். பின்னாடி வந்தவங்க நின்னாங்க. நான்தான் விரட்டினேன். காத்து வரட்டும், கூட்டம் போடாதீங்க, ஓடிப்போய் ஏரிக்கரையில பெர்லிகிட்ட சொல்லி வண்டியை அனுப்பச் சொல்லுங்கன்னு."

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க. எல்லாரும் பெர்லிகிட்ட சொன்னாங்க. அவருதான், வில்மா காதுல போட வேண்டாம், சும்மா மயக்கம்தான், பாவம் அவ பயந்துடுவான்னு..."

ஈ ஒன்று என் காபியில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல நீ?"

"அடக்கத்தன்னிக்கு வந்தேன். நீ கதவைத் திறக்கல. அப்புறம் கடையில எங்களைப் பார்த்தாலே வேற பக்கம் திரும்பிடுவே. எனக்கும் தைரியம் வரல. அவன் என் கண்ணு முன்னாடிதானே போனான்."

"எதுவும் பேசினானா?"

"முன்னாடி யாரு போறான்னு கேட்டான். ஹாலிஸ்னு சொன்னேன். 'அந்தப் பால் வண்டியா? ஐயோ, இனி வருஷம் பூரா இதையே சொல்வானே'ன்னு சிரிச்சான். அப்புறம் என்னமோ சொன்னான், எனக்குப் புரியல. புரிஞ்சதா பொய் சொல்ல மாட்டேன்."

ஜூன் 3

நாள் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. ஹாலிஸ் வருஷம் பூராவும் அதைச் சொல்லவே இல்லை. ஒரு தடவைகூட.

ஜூன் 15, சனி

எழுதி முடித்து டெஸ்ஸாவிடம் கொடுத்தேன். பூட்ஸ், நாய், பால் வண்டி, ஏப்ரன், சுதந்திர தேவி வேடத்தில் ஓடித் தீபத்தை மரத்தில் சிக்கவிட்டவர், நோய் பரவிய வருஷம் ஓட்டமே இல்லாமல் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது, எல்லாம் இருக்கிறது. 1991க்கு ஒரு பத்தி. யார் நின்றார்கள், யார் தாண்டிப் போனார்கள், ஏன் போனார்கள், என்னிடம் ஏன் சொல்லவில்லை. பெயர்கள் இல்லை, எர்வினுடையதைத் தவிர. பெயர் போட்டுத்தான் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. பெயர் போட்டால் வாசிக்கிறவர்கள் பெயரை மட்டும்தான் வாசிப்பார்கள்.

டெஸ்ஸா நின்றபடியே அந்தப் பத்தியைப் படித்தாள். மறுபடி படித்தாள். "அன்னிக்கு எவ்வளவு வெயில்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 1

வியாழக்கிழமை அதேபோல் வெயில் அடிக்கும் என்று ரேடியோ சொல்கிறது. வழக்கம்போல் நடீன் வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

ஊர் மண்டபத்தில் கூட்டம். போக நினைக்கவில்லை, டெஸ்ஸா கூப்பிட்டாள். உள்ளே நிற்க இடமில்லை. இந்த வெயிலில் ஓட்டம் வேண்டாம், இந்த வருஷம் எல்லோரும் நடக்கலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், கூரையே பறந்துவிடும்போல் சத்தம்.

"ஐம்பதாவது வருஷம், நடக்கிறதா? வெளியூர்லேருந்து எத்தனை பேரு வர்றாங்க!"

"தண்ணி அதிகமா வச்சா போச்சு!"

"டீச்சரம்மா, இது உங்க வகுப்பு இல்ல!"

அந்தப் பெண் முகம் சிவந்து நின்றாள். ஆனால் உட்காரவில்லை. நான் எழுந்திருக்கலாமா என்று யோசித்தேன். நான் எழுந்தால் பரிதாபப்பட்டுக் கை தூக்குவார்கள். அது எனக்கு வேண்டாம்.

பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம். பெர்லி. எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று அவருக்கு.

"ஒண்ணும் ஆகாதுன்னு அன்னிக்கும் சொன்னாங்க. சொன்னது யாருன்னு வயசானவங்களுக்குத் தெரியும். வெயிலைப் பார்த்தும் ஓடுங்கடான்னு கொடியை ஆட்டினது நான். வில்மா காதுல போடாதீங்கன்னு சொன்னதும் நான். கடைசியா ஒரு தடவை அவ அவனைப் பார்த்திருக்கலாம். அதையும் நான்தான் கெடுத்தேன்." அவர் என் பக்கம் திரும்பவில்லை. "இந்த ஓட்டத்தை ஆரம்பிச்சவன் சொல்றேன். நடங்க."

கைகள் உயர்ந்தன. எல்லாம் இல்லை, போதுமான அளவு. வெளியே வந்து காரில் வெகுநேரம் சாவி போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டி கட்டவில்லை.

ஜூலை 4, வியாழன்

காலையில் வாசலுக்கு வந்தால் ஹாலிஸ் வேலி ஓரம் நிற்கிறான், பெரிய வைக்கோல் தொப்பியோடு.

"போகலையா நடீன் வீட்டுக்கு?"

"போகல."

"நடக்கப் போறியா?"

"நீ?"

"முழங்கால் வலிக்குது" என்றான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "மெதுவா வந்தா வர்றேன்."

அணிவகுப்பு முடிந்து கூட்டம் தீயணைப்பு நிலையத்திலிருந்து கிளம்பியது. முணுமுணுப்புதான் முதலில். நேரத்தைக் காட்டுகிற கடிகாரம் கிடையாது, எண் கிடையாது. கொஞ்ச தூரம் போனதும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இந்த ரோட்டில் இவ்வளவு காலம் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். பேசிக்கொண்டு போனதே இல்லை. தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சியது. குழந்தைகள் அதன் கீழேயே நின்றுவிட்டன. டெஸ்ஸா முன்னாலும் பின்னாலும் ஓடி ஓடி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அவள் ஒருத்திதான் ஓடினாள் என்று சொல்ல வேண்டும். இல்லை, வெளியூர்க்காரன் ஒருவனும் ஓடினான். யார் பேச்சையும் கேட்காமல் ஓடி ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே கைதட்ட ஆளில்லை. தண்ணீரில் ஒரு முங்கு முங்கிவிட்டு எங்களைத் தேடித் திரும்பி நடந்து வந்தான், பாவம்.

கல்லறை மேடு. நான் அங்கே நடந்துபோனதே இல்லை. அடக்கத்துக்குக்கூட மறுபக்க வழியாகத்தான் வந்தோம். சுவர் நான் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. எதிரே ஒரு பண்ணை, பசுக்கள், தூரத்தில் ஏரி ஒரு கீற்றாக. அவன் கடைசியாகப் பார்த்தது நல்ல காட்சிதான். அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

உட்கார்ந்தேன். ஹாலிஸ் நின்றுகொண்டே இருந்தான்.

"உட்காரேன், ஹாலிஸ்."

உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். நான் அவன் முதுகில் கை வைத்தேன்.

ஜெரால்டின் வந்தாள், அவளும் உட்கார்ந்தாள். பிறகு வேறு யாரோ. சுவர் நீளமானது, இடம் இருந்தது.

ஜூலை 6, சனி

நடீன் போன் செய்தாள்.

"என்ன ஆச்சு உனக்கு? வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அத்தனை கறியும் சுட்டு வச்சுட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

"நடக்கப் போயிருந்தேன்."

"அந்த வெயில்லயா? எங்கே?"

"ஏரி வரைக்கும். மேட்டு வழியா."

அந்த மேடு எது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்போ அடுத்த வருஷம்?" என்று கேட்டாள், மெதுவாக.

"அடுத்த வருஷம் நீ இங்கே வா" என்றேன்.