இரண்டு பேணிகளில் இருந்த ஒரு பிள்ளை

அன்புத் தங்கச்சி ஜெசிந்தா,

உம்முடைய முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உமது அக்கா கேட்டார். "நீங்கள் அவளோடை ஆறு வருசம் கிளினிக் வானுக்கை திரிஞ்சனீங்கள். உங்கடை கையாலை ஒண்டு எழுதித் தாங்கோ அண்ணை" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துவிட்டேன். மூன்றிலும் உம்முடைய நற்குணங்களை இலக்கமிட்டு அடுக்கியிருந்தேன். அவற்றில் பொய் எதுவும் இருக்கவில்லை. உமக்கு நான் சொல்லவேண்டியது மட்டும் அவற்றில் இருக்கவில்லை.

அதனால் இதை உமக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும்.

முதலில் ஊர்ப் புதினம். நம்முடைய நடமாடும் கிளினிக் வாகனம் இன்னும் ஓடுகிறது. செவ்வாய் ஸ்கந்தபுரம், வியாழன் முல்லைத்தீவுக் கரையோரம், இப்போது சனியில் தண்ணீரூற்றுப் பக்கமும். யோகன்தான் இப்போதும் சாரதி. பின்கதவை இப்போதும் கயிற்றால்தான் கட்டுகிறான். உம்முடைய இடத்துக்கு வந்திருக்கும் தாதி வவுனியாப் பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் குழந்தைகளின் காதைப் பார்க்கும்போது, "உள்ளுக்கை ஒரு நண்டு நித்திரை கொள்ளுது, ஆடினா எழும்பிடும்" என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. ஒருநாள் அவளுக்காக நான் சொல்லிப் பார்த்தேன். என் குரலில் அது அரசாங்க அறிவித்தல் மாதிரி இருந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தை முன்னையைவிடப் பலமாக அழுதது.

நீர் இருந்திருந்தால் ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிச் சிரித்திருப்பீர்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு விடயம் எழுதவேண்டும். நீர் ஓய்வுபெற்ற தாதி. நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்றவன். சொந்தமாக வீடோ வளவோ இல்லாமல், வேலை கிடைக்கும் இடத்துக்குத் தாய் தகப்பனோடு பெயர்ந்துபோகும் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக அந்த வாகனம் வந்தபோது, நாம் இருவரும் அதில் ஏறினோம். நீர் பிள்ளைகளைப் பார்த்தீர். நான் மருந்து கொடுத்தேன், அட்டைகளைப் பாதுகாத்தேன்.

அந்த அட்டைகளைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

மற்ற இடங்களில் கிளினிக் அட்டை தாயின் கையில் இருக்கும். நம்முடைய பிள்ளைகள் தறப்பாள் கூரைக் கொட்டில்களில் இருந்தார்கள். அட்டை மழையில் நனையும், கரையான் தின்னும், இடம் மாறும்போது தொலையும் என்று நான் நினைத்தேன். "அட்டையளை நாங்களே வைச்சிருப்பம்" என்று சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் நானாக எழுந்து சொன்ன ஒரே யோசனை அது. எல்லோரும் சம்மதித்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிஸ்கட் வந்த தகரப் பேணிகள் சேர்த்தேன். ஊருக்கு ஒரு பேணி. மேலே ஊரின் பெயர், உள்ளே அகர வரிசையில் பிள்ளைகள். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊரின் பேணி மட்டும் வாகனத்தில் ஏறும். மற்றவை என் வீட்டு அலுமாரியில் இருக்கும்.

"அண்ணை, நீங்கள் செத்தா உங்களை எந்தப் பேணிக்கை வைக்கிறதெண்டு இப்பவே எழுதி வையுங்கோ. பிறகு நாங்கள் பிழையான ஊரிலை வைச்சிட்டா எழும்பி வந்து சண்டை பிடிப்பியள்" என்று நீர் கேலி செய்வீர். யோகன் வாகனத்தை நிறுத்திவிட்டுச் சிரிப்பான். நானும் சிரித்தேன். உமக்கு முன்னால் நான்தான் போவேன் என்பதில் மூன்று பேருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

தர்ஷினியை உமக்கு நினைவிருக்கும். மறக்க முடியாமல்தானே போனீர்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் தங்கிய குடும்பம். ஸ்கந்தபுரத்தில் நெல் வெட்டும் காலத்தில் முதலில் வந்தாள். தொண்டை நோ, காய்ச்சல். மருந்து கொடுத்து, அடுத்தமுறை கட்டாயம் வரவேண்டும் என்று அட்டையில் எழுதினீர். அடுத்தமுறை அந்தக் குடும்பம் அங்கே இல்லை. வெட்டு முடிந்து, தகப்பன் கரைவலை இழுக்கும் வேலைக்கு முல்லைத்தீவுப் பக்கம் போய்விட்டார்.

கரையில் அவள் மீண்டும் வரிசையில் வந்தபோது தலையை மொட்டையடித்திருந்தார்கள். நான் பெயரும் வயதும் இடமும் கேட்டேன். கரைப் பேணியில் அவள் பெயர் இல்லை. புதிய அட்டை எழுதினேன். "இதற்கு முன் வேறெங்கும் எங்களிடம் வந்தாயா?" என்று நான் கேட்கவில்லை. நான் வகுத்த ஒழுங்கில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கவில்லை. வெறுமையான அட்டையைப் பார்த்தீர். முழங்கால் நோகிறது என்றாள். மணலில் ஓடியாடிய நோ என்று நினைத்து நோவுக்கு மருந்து எழுதினீர்.

ஒரு மாதத்துக்குப் பின் மூச்சிரைக்க வந்தாள். அன்று டொக்டரும் வந்திருந்தார். குழாயை அவள் நெஞ்சில் வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. வாதக் காய்ச்சல். தொண்டையில் தொடங்கி, மூட்டுக்கு வந்து, இருதயத்துக்குப் போயிருந்தது. தொண்டை நோவும் முழங்கால் நோவும் ஒரே அட்டையில் இருந்திருந்தால் யாருக்கும் உடனே விளங்கியிருக்கும். ஊசி தொடங்கியிருக்கலாம். வால்வு பழுதாகாமல் இருந்திருக்கலாம்.

"முந்தின அட்டை ஒண்டும் இல்லையா ஐயா?" என்று டொக்டர் என்னைக் கேட்டார்.

"இந்தப் பேணியிலை இல்லை டொக்டர்" என்றேன்.

தங்கச்சி, அந்த நான்கு சொற்களை எத்தனை தரம் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

திரும்பி வரும் வழி முழுதும் நீர் அழுதீர். "இந்தப் பிள்ளையை நான் ஸ்கந்தபுரத்திலை கண்டனான் அண்ணை. தொண்டை பாத்தது இப்பதான் ஞாபகம் வருது. மொட்டை அடிச்சாப் பிள்ளையைத் தெரியாமப் போகுமே? பிழை என்ரை. முழுக்க என்ரை." யோகன் வாகனத்தின் வேகத்தைக் குறைத்தான். நான் பேணியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தேன்.

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்து ஸ்கந்தபுரப் பேணியை எடுத்தேன். தேடவேண்டியிருக்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்தேன். அதே பெயர், அதே தகப்பன் பெயர், உம்முடைய கையெழுத்து. அந்த அட்டையை எடுத்து, யாருக்கும் காட்டாமல் என் அகராதிக்குள் வைத்தேன்.

உம்மிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்? ஏசியிருப்பீர். பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்திருப்பீர். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? அடுத்த செவ்வாய் சொல்வோம், அடுத்த வியாழன் சொல்வோம் என்று ஏழு மாதம் போயிற்று. ஒரு ஞாயிறு பூசைக்கு உடுத்துக்கொண்டு நிற்கும்போது நெஞ்சு நோ என்று கதிரையில் இருந்தீராம். அவ்வளவுதான்.

அடக்கத்தன்று என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதிய தாள் சட்டைப்பையில் இருந்தது. சனத்தின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இனி மூன்று மாதத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

தர்ஷினிக்கு மாதாமாதம் ஊசி. அவள் குடும்பம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து நம் வாகனம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும். அந்த மாதம் கரைக்குப் போனபோது கொட்டில் வெறுமையாக இருந்தது. கச்சான் கடலை பிடுங்கத் தண்ணீரூற்றுப் பக்கம் போய்விட்டார்கள் என்று பக்கத்துக் கொட்டிலில் சொன்னார்கள். "அடுத்த முறை பாப்பம்" என்றாள் புதிய தாதி. வரிசையில் இன்னும் இருபது பிள்ளைகள் நின்றார்கள். அவள் சொன்னதில் பிழையில்லை.

வேலை முடிந்ததும் யோகனிடம் போனேன். "தம்பி, போற வழியிலை தண்ணீரூற்றுக்குப் போவமா? அந்தப் பிள்ளையைத் தேட வேணும்."

"ஐயாவோ கேக்கிறது? வாயைத் திறந்திட்டியள், இண்டைக்கு மழைதான்" என்றான். ஆனால் உடனே வாகனத்தை எடுத்தான். அன்று என் பையில் இரண்டு அட்டைகளும் இருந்தன. எதற்காக எடுத்துப்போனேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

கச்சான் தோட்டத்தின் ஓரத்தில் தறப்பாள் கட்டியிருந்தார்கள். தர்ஷினி நிழலில் இருந்து கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலைமுடி தோள்வரை வளர்ந்திருக்கிறது. எழுந்து ஓடி வரவில்லை. என்னைக் கண்டதும், "அம்மா, பேணித் தாத்தா!" என்றாள்.

"ஊசி நாள் போயிட்டுதே அம்மா, ஏன் வரேல்லை?" என்று தாயிடம் கேட்டேன். குற்றம் சாட்டுவதுபோலக் கேட்டுவிட்டேன் என்று உடனே பட்டது.

அந்தப் பெண் மண் கையைச் சேலையில் துடைத்தாள். "தேதி எங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்? அட்டை உங்ககிட்டதானேங்க இருக்கு?"

ஜெசிந்தா, அவள் கேட்டது சரி. அங்கே கிடந்த சாக்கில் குந்தினேன். இரண்டு அட்டைகளையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எது எப்போது எழுதியது, ஏன் இரண்டானது, அதனால் என்ன பிழை நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு பெரிய மனிதர் இப்படிச் சொல்வதைக் கேட்டு அவள் முதலில் பயந்துவிட்டாள். பிறகு இரண்டு அட்டைகளையும் கிட்ட வைத்துப் பார்த்தாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

"இது அந்த மிஸ்ஸுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"பாவங்கய்யா. ஆஸ்பத்திரியில எங் கையைப் புடிச்சு அழுதாங்க. எந் தப்புதான்னு சொன்னாங்க. அவங்ககிட்ட சொல்லிருங்க."

"அவா செத்துப்போனா பிள்ளை. ஒன்பது மாதமாச்சு."

நெற்றியில் கையை வைத்தாள். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதுக்காக சொல்லாம இருப்பீங்களா? சொல்லுங்க" என்றாள்.

எழுந்து உள்ளே போய், துணிமூட்டைக்குள்ளிருந்து ஒரு பால்மாப் பேணியை எடுத்துவந்தாள். மூடியைத் திறந்தாள். மெழுகுதாளில் சுற்றிய ஒரு கட்டு. தர்ஷினியின் பிறப்புச் சான்றிதழ், அவளுடையது, அவளுடைய தாயின் குடியுரிமைக் கடதாசி. மடிப்புகளில் கிழியாமல், ஒரு துளி கறைகூட இல்லாமல் இருந்தது. "எங்கம்மா மலையிலருந்து கொண்டாந்ததுங்க. சண்டையில ஓடுறப்ப சோத்துப் பானையைக்கூட விட்டுட்டோம். இத விடலைங்க. முகாமுலயும் இதத் தலைக்கு வச்சுதான் படுத்தோம்" என்றாள். பிறகு இரண்டு அட்டைகளையும் எடுத்து அந்தக் கட்டுக்குள் வைத்து மூடினாள்.

இவர்களின் கையில் காகிதம் நனைந்துவிடும் என்று சொன்னவன் நான்.

அன்றே அவளை ஊசிக்குக் கூட்டிப்போனோம். டொக்டரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏன் ஐயா அப்ப சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். வால்வு இப்போதைக்கு அப்படியே இருக்கிறதாம். ஊசி தவறாவிட்டால் மோசமாகாமல் கொண்டுபோகலாமாம், பிறகு சத்திரசிகிச்சை வேண்டியும் வரலாமாம். அவள் மற்றப் பிள்ளைகளைப்போல ஓடுவாளா? டொக்டருக்கும் தெரியாது.

அடுத்தடுத்த கிழமைகளில் பேணிகளை ஒவ்வொன்றாக வெறுமையாக்கினேன். எல்லா அட்டைகளும் தாய்மாரிடம் போய்விட்டன. இதுவரை ஒன்று மட்டும் தொலைந்திருக்கிறது. அதுவும் யோகன் வாகனத்துக்குள் தவறவிட்டது. இப்போது ஒரு பிள்ளை வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "முந்தி எங்கை இருந்தனீங்கள்?" என்பதுதான்.

தங்கச்சி, பிழை உம்முடையது அல்ல. அந்தப் பிள்ளையை உமக்குத் தெரியாமல் போனது மொட்டையடித்ததால் அல்ல. உமக்கு அவளை நினைவுபடுத்தியிருக்க வேண்டிய அட்டை என் வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருந்தது. இதை ஏழு மாதம் பக்கத்தில் இருந்தும் சொல்லாமல், இப்போது எல்லோரும் வாசிக்கும் இடத்தில் சொல்கிறேன்.

தர்ஷினியின் ஊசி நாளை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறோம்: அவள் அட்டையிலும் என் நாட்காட்டியிலும். நான் நடக்கும்வரை அந்த நாளில் அவளோடு ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருப்பேன். அவள் வராவிட்டால், எந்தத் தோட்டத்தில், எந்தக் கரையில் என்று வாயைத் திறந்து கேட்டுத் தேடிப் போவேன். இது உமக்கு நான் தரும் வாக்கு.

சொல்லப் பிந்திப்போன,
உம்மோடு பிறவாத உமது அண்ணை,
சிவஞானம்