தினம் ஒன்பது நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள கடிகாரக்காரருக்கு,

நலம். நீங்கள் அனுப்பிய தோல் மூக்குக்கண்ணாடிப் பெட்டி போன வாரம் வந்தது. மூடி தானே ‘டப்’ என்று மூடிக்கொள்வதைப் பார்த்து ஆய்வகமே பொறாமைப்படுகிறது.

என் கம்பிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உருக்கிய உலோகத்தைச் சட்டென்று குளிர வைப்பதால், அணுக்கள் வரிசையில் நிற்க நேரமில்லாமல் தாறுமாறாக உறைந்துபோன கம்பிகள். காந்தம் பக்கத்தில் வந்தால் உடனே மயங்கும். போனால் உடனே மறந்துவிடும். உங்கள் தம்பி மாதிரி. மேலே ஒரு பூச்சுக் கொடுத்தால் காந்தத்தை இன்னும் நுட்பமாக உணருமா என்பதுதான் கேள்வி. பூச்சில்லாதவற்றைப் போன மாதமே அளந்துவிட்டேன். இனிப் பூச்சுக் கம்பிகள். உணர்வு கூடினால் மே மாதம் வீட்டில் இருப்பேன். இல்லையென்றால் முதலிலிருந்து.

ஒரு குறை. நீங்கள் கட்டிவிட்ட கைக்கடிகாரம் தினம் ஒன்பது நிமிடம் முந்துகிறது. எல்லாக் கூட்டத்துக்கும் முதல் ஆளாகப் போய் நாற்காலிகளோடு உட்கார்ந்திருக்கிறேன். கடிகாரம் பழுதுபார்ப்பவர் மனைவிக்கு இது தேவையா?

இப்படிக்கு,
கம்பிக்காரி

மார்ச் 15

அன்புள்ள கம்பிக்காரிக்கு,

நீ எழுதியதைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். “அண்ணி என்னைப் பாராட்டித்தானே எழுதியிருக்காங்க?” என்றான்.

அந்தக் கடிகாரம் என் கையை விட்டுப் போகும்போது நாளுக்கு இரண்டு நொடிதான் பிசகியது. கீழே போட்டாயா? நனைத்தாயா? கழற்றி எங்கே வைக்கிறாய்? உள்ளதைச் சொல், திட்டமாட்டேன்.

கடிகாரக்காரர்

மார்ச் 27

அன்புள்ளவருக்கு,

போடவுமில்லை, நனைக்கவுமில்லை. அளக்கும்போது பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது. எங்கள் தலைவர் பெல்ட்டை வெளியே கழற்றிவிட்டு, கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். நானும் கடிகாரத்தைக் கழற்றி, மேசை ஓரத்தில் உங்கள் பெட்டியின் மேல் பத்திரமாக வைக்கிறேன்.

அதை விடுங்கள். பூச்சுக் கம்பிகளில் உணர்வு இரண்டு மடங்கு! ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும்! தலைவர் துள்ளிக் குதித்தார். கால்சட்டை தப்பியது பெரிய விஷயம். அடுத்த மாதக் கடைசியில் கட்டுரையை அனுப்புகிறோம். மே ஒன்பதுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன்.

கம்பிக்காரி

ஏப்ரல் 12

அன்புள்ள கம்பிக்காரிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் கடிகாரத்துக்கு வயதாகிவிட்டது என்று புளுகியிருந்தேன்.

உன் கடிகாரத்தில் காந்தம் ஏறியிருக்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஓட்டம் முந்தும். காந்தம் அந்தப் பெட்டியில் இருக்கிறது. மூடி ‘டப்’ என்று மூடுவது வேறெதனால்? தோலுக்கு அடியில் இரண்டு துண்டு.

பூச்சில்லாக் கம்பிகளை நீ அளந்தது பெட்டி வருவதற்கு முன்பு. பூச்சுக் கம்பிகளை அளந்தது வந்த பிறகு.

உன் படிப்பு எனக்கில்லை. நான் சொல்வது தப்பென்றால் சிரித்துவிட்டு வண்டி ஏறு. தப்பாக இருக்கட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடிகாரக்காரர்

ஏப்ரல் 24

அன்புள்ளவருக்கு,

பெட்டியை வெளியே வைத்துவிட்டு அளந்தேன். இரண்டு மடங்கு காணாமல் போனது. பெட்டிக் காந்தம் முன்கூட்டியே கொஞ்சம் தள்ளிக் கொடுத்ததால்தான் கம்பிகள் அத்தனை சுறுசுறுப்பாகத் தெரிந்திருக்கின்றன. பூச்சால் கூடியது கால் பங்குதான் போலிருக்கிறது. ஆனால் அது நிஜம்.

தலைவர் பெட்டியை நாலைந்து முறை ‘டப்’ என்று மூடிப் பார்த்தார். பிறகு, “நான் பெல்ட்டக் கழட்டிட்டு வரேன், நீ காந்தத்தையே தூக்கிட்டு வந்தியாம்மா?” என்றார். கட்டுரையில் உங்களுக்கு நன்றி போடச் சொன்னார்.

எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். சீட்டை ரத்து செய்துவிட்டேன். இனி செப்டம்பர்தான். நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் கோபம் வந்தது. சரி, ஒன்பது நிமிடம்.

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். கடைக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

கம்பிக்காரி

மே 6

அன்புள்ள கம்பிக்காரிக்கு,

பெட்டி வந்தது. கடைக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டு அலமாரியில் வைத்து, என் கைக்கடிகாரத்தை அதன் மேல் வைத்திருக்கிறேன். முப்பது வருடத் தொழிலில் தெரிந்தே ஒரு கடிகாரத்தைக் கெடுப்பது இதுதான் முதல் தடவை. “உனக்கென்ன பைத்தியமாண்ணே?” என்கிறான் தம்பி.

நேற்றிலிருந்து பதினொரு நிமிடம் முந்தியிருக்கிறது. இந்தக் கணக்கில், செப்டம்பர் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும்.

நீ நிதானமாக அள.

கடிகாரக்காரர்